மெர்னா இழுத்த பிடி

அந்தக் குளிர்காலம் முழுவதும் மெர்னாவுக்கு 'பலூன் ராணி' என்றுதான் பெயர். ஐம்பத்து மூன்று வயதுக்காரி, வேல்மவுண்ட் பள்ளிக்கூடப் பேருந்தை இருபது வருடமாக ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறவள். அப்படிப்பட்டவளைப் பெட்ரோல் பங்கில் நிற்கிற பையன்கூட "இன்னிக்கு எத்தனை ஊதினீங்க?" என்று கேட்கிற நிலைமை.

காரணம் டிசம்பரில் நடந்த கூத்து. மலைமேல் மோட்டார் பனிவண்டி ஓட்டப்போகிற கூட்டத்தில், மெர்னாவையும் சேர்த்து நான்கு பேரையும் ஒரே மாதிரி முதுகுப்பை வாங்க வைத்தவள் டேனிகா. பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண். எதையும் துருவிப் படிக்காமல் வாங்கமாட்டாள். அந்தப் பைக்குள் ஒரு வாயு உருளையும் மடித்து வைத்த ஆரஞ்சு நிறக் காற்றுப்பையும் இருக்கும். தோள்பட்டைப் பிடியை இழுத்தால் மூன்று நொடியில் ஊதிவிடும்; சரிகிற பனி ஆளை உள்ளே இழுக்காமல் மேலேயே மிதக்க வைக்கும். இந்தப் பைகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. நான்கும் கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசும். ஒருவர் இழுத்தால் நான்கும் திறக்கும்.

"சரிவுல ஏறுறவன் கண்ணு முன்னாடி மட்டும்தான் இருக்கும். மேல மலை உடையறது கீழ நிக்கிறவனுக்குத்தான் முதல்ல தெரியும்," என்றாள் டேனிகா.

"என் முதுகுல இருக்கிறதை அடுத்தவன் ஊதுறதா? நல்லா இருக்கே நியாயம்!" என்றார் அவளுடைய அப்பா வெண்டல். மரலாரி ஓட்டுகிறவர், அறுபத்தொன்று, பிறப்பதற்கு முன்பே அந்த மலையில் வண்டி ஓட்டினவர் மாதிரிப் பேசுவார்.

வாங்கிய இரண்டாம் வாரம், மலைமேல் இருக்கும் ஒதுங்கும் குடிசையில் பையைக் கழற்றாமலே நின்றபடி மிளகாய் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். தகரக் கூரையில் தேங்கியிருந்த பனி மொத்தமாக வழுக்கி, இடி விழுந்த மாதிரி கீழே இறங்கியது. மெர்னாவின் கை தானாகப் பிடிக்குப் போயிற்று. அவ்வளவுதான். ஆறடிக் குடிசைக்குள் நான்கு பைகள் உப்பின. சூப் சுவரில். மெர்னாவின் தம்பி கிர்பி அடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் நசுங்கி, "அக்கா, மூச்சு! மூச்சு!" என்று அலறினான். உருளைகளை நிரப்பி வாங்க ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் பார்த்து, ஐந்து வருடத்தில் விழாத அருமையான பனி விழுந்தது. வெண்டல் அதை மன்னிக்கவே இல்லை.

"என் பையை இந்தக் கூட்டத்துல இருந்து கழட்டி விடு," என்றார் மகளிடம்.

"கழட்டுறேன். அப்புறம் நீங்க தனியாப் போங்கப்பா, நான் வரலை."

கழற்றவில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. மூன்று நாள் கொட்டிய பனி நின்று, வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. நால்வரும் 'எருது முதுகு' என்று ஊரில் சொல்லும் சரிவுக்குப் போனார்கள். வண்டியை முடுக்கி முடிந்த மட்டும் உயரே ஏறி, வளைத்துத் திரும்பி இறங்க வேண்டும். யார் உயரம் போகிறார்கள் என்பதுதான் போட்டி. ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏறலாம். மற்றவர்கள் ஓரத்து மேட்டில் நின்று பார்க்க வேண்டும்.

டேனிகா பாதியில் திரும்பினாள். கிர்பி முக்கால்வாசி போனான், வந்து நெஞ்சை நிமிர்த்தினான். பிறகு, காலையில் குடித்த காபி வேலையைக் காட்ட, வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு ஏதோ சொல்லிக்கொண்டு போனான். தலைக்கவசத்துக்குள் மெர்னாவுக்கு அது காதில் விழவில்லை. அவள் கண் வெண்டல்மேல் இருந்தது.

வெண்டல் இரண்டு தடவை ஏறியும் கிர்பியின் தடத்தைத் தாண்ட முடியவில்லை. மூன்றாவது தடவை வண்டி கத்தியது கத்தல். தடத்தைத் தொட்டார், தாண்டினார், இன்னும் ஏறினார். அப்போதுதான் மெர்னா பார்த்தாள். அவருக்கு மேலே, வெள்ளையில் பென்சிலால் கீறின மாதிரி ஒரு கோடு. முதலில் நிழல் என்று நினைத்தாள். கோடு ஓடியது.

கை பிடிக்குப் போய்விட்டது. ஆனால் இழுக்கவில்லை. 'நிழலா இருந்தா? இன்னொரு தடவை சிரிப்பா சிரிச்சிடுவாங்களே' என்று மனசு முணுமுணுத்தது. அரை மூச்சு நேரம்தான் இருக்கும். 'சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க' என்று இழுத்தாள்.

அவள் தோளில் பை வெடித்த மாதிரி விரிந்தது. பக்கத்தில் டேனிகாவுடையதும். மேலே, சரிவின் நடுவில், வெண்டலின் முதுகில் ஆரஞ்சுப் பூ ஒன்று மலர்ந்தது. அவர் செய்த காரியம் என்னவென்றால், வண்டியின் விசையை விட்டுவிட்டு, பின்னால் திரும்பி, மெர்னாவைப் பார்த்து முஷ்டியை ஓங்கினார். ஓங்கின கை அப்படியே நின்றது. அவர் காலுக்குக் கீழே மலை நகர்ந்துகொண்டிருந்தது.

"அப்பா!"

பனி அலையலையாக உடைந்து இறங்கியது. வண்டி கவிழ்ந்து மறைந்தது. ஆரஞ்சு முங்கியது, மேலே வந்தது, மறுபடி முங்கியது. வெள்ளைப் புழுதி எல்லாவற்றையும் மூடியது. அது அடங்கியபோது, காது அடைத்த மாதிரி ஒரு நிசப்தம்.

பனிக் குவியலின் மேல் ஆரஞ்சு தெரிந்தது. டேனிகா விழுந்தடித்து ஓடினாள். வெண்டல் மார்புவரை புதைந்து, வாயிலிருந்த பனியைத் துப்பிக்கொண்டிருந்தார். துப்பி முடித்ததும் கெட்ட வார்த்தை வந்தது. அதைவிட இனிமையான சத்தத்தை மெர்னா கேட்டதில்லை.

பிறகுதான் எண்ணினாள். மூன்று பேர்.

"கிர்பி எங்க?"

பனிக் குவியலின் ஓரத்தில் அவனுடைய வண்டி பக்கவாட்டில் கிடந்தது. கைப்பிடி மட்டும் வெளியே. ஆளைக் காணோம்.

"கிர்பி! டேய் கிர்பி!"

நெஞ்சில் கட்டியிருந்த தேடுகருவியை எடுத்தாள். நால்வரிடமும் ஒன்று உண்டு; ஒன்று அனுப்பும் ஒலியை இன்னொன்று பிடித்துத் தூரமும் திசையும் காட்டும். தேடுவதற்கான பொத்தானை இரண்டு தடவை தவறவிட்டாள். டேனிகா தன்னுடையதையும் அப்பாவுடையதையும் அணைத்தாள். இனி ஒலிப்பது கிர்பியுடையது மட்டுமே. நாற்பத்தொன்று என்று காட்டியது. நாற்பத்தொரு மீட்டர். முப்பது. அம்பு குவியலைக் காட்டாமல், ஓரத்தில் நின்ற ஃபிர் என்கிற ஊசியிலை மரங்கள் பக்கம் காட்டியது. மெர்னாவுக்கு உயிரே போயிற்று. பனி ஆளை மரத்தில் கொண்டுபோய் அடித்தால் எந்தப் பையும் காப்பாற்றாது. பன்னிரண்டு. ஏழு. 'அம்மா சாகும்போது இவனை என் கையில கொடுத்துட்டுப் போனாளே' என்று நினைத்தபடி கிளையை விலக்கினாள்.

"அக்கா! வராதே! அங்கேயே நில்லு!"

இரண்டு ஃபிர் மரங்களுக்கு நடுவில், ஊதிய பையோடு ஆப்பு அடித்த மாதிரி சிக்கியிருந்தான் கிர்பி. கால் தரையில் பாவவில்லை. கால்சட்டை முட்டியில் கிடந்தது. காதை இரண்டு பக்கமும் பை அடைத்திருந்தது.

"கூப்பிட்டேனேடா! காது கேக்கலையா?"

"என்னது? என்ன சொல்றே? இருபது நிமிஷம் நிம்மதியா உட்கார விடமாட்டியா நீ? மறுபடியும் எந்தக் கூரைல என்ன விழுந்துச்சு?"

மெர்னா பனியில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. எழுந்து போய், பையின் அடைப்பைத் திறந்து காற்றை இறக்கினாள். தம்பி பொத்தென்று கீழே வந்து கால்சட்டையை ஏற்றினான்.

"அழறியா? ஏன்க்கா?"

அவனைக் கையைப் பிடித்து மரங்களுக்கு வெளியே கூட்டிவந்து, சரிவைக் காட்டினாள். மேலே ஆளுயரத்துக்கு உடைந்து நின்ற பனிச்சுவரையும், கவிழ்ந்து கிடந்த தன் வண்டியையும் பார்த்தான். பிறகு போய், கையாலேயே பனியைத் தள்ளி வண்டியை நிமிர்த்தத் தொடங்கினான்.

வெண்டலுக்கு ஒரு விலா எலும்பு விரிசல். திரும்பும் வழியில் மெர்னாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார். பாதி தூரத்தில் தோளைத் தட்டினார்.

"ஏம்மா மெர்னா. மேல இருந்து உன்னை ஒண்ணு சொல்லித் திட்டினேன்."

"என்ன சொன்னீங்க?"

"வேணாம், விடு."

திங்கட்கிழமை காலை, பேருந்து நிலையத்தில் மெர்னா ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வண்டியைக் கிளப்பாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். அன்று முதல் தடவையாகப் பிள்ளைகளுக்குப் பேருந்து தாமதம்.

பனி நன்றாக இறுகட்டும் என்று இரண்டு வாரம் காத்திருந்து, வெண்டலின் வண்டியைத் தோண்டப் போனார்கள். ஊர்ப் பனிவண்டிச் சங்கத்திலிருந்து எட்டுப் பேர் கூட வந்தார்கள். நீளக் கம்பியால் குத்திக் குத்தி மதியத்துக்குமேல் கண்டுபிடித்தார்கள். குழி ஆழமாகிக்கொண்டே போயிற்று. கடைசியில் உள்ளே நின்று தோண்டுகிறவனின் தலை மறைந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் நின்ற வெண்டல், அந்த ஆழத்தையே வெகுநேரம் பார்த்தார். யாரும் கேலி செய்யவில்லை. பிறகு மெர்னாவிடம் வந்து, தன் குடுவையிலிருந்து காபியை மூடியில் ஊற்றி நீட்டினார். அவர் காபியை யாருக்கும் கொடுத்து அவள் பார்த்ததில்லை.

"சர்க்கரை இல்லையா?" என்றாள்.

"கொடுத்ததைக் குடி."

வண்டி வெளியே வந்தது, ஆனால் உயிர் வரவில்லை. அதை மெர்னாவின் வண்டிக்குப் பின்னால் கயிற்றில் கட்டி, கைப்பிடியைத் திருப்ப வெண்டலை அதன்மேல் உட்காரவைத்துப் பதினான்கு கிலோமீட்டர் இழுத்துவந்தார்கள். முதல் வளைவிலேயே, "மெதுவாப் போ தாயே! விலா! விலா!" என்று பின்னாலிருந்து கத்தத் தொடங்கினார். மெர்னாவுக்குக் கேட்டது. வேகத்தைக் கொஞ்சம்தான் குறைத்தாள்.