அதிகாரி வந்த அன்று உஷ் அம்மாவுக்கு அடக்கம்

செய்தி கேட்டதும் எனக்கு வருத்தம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வருஷத்தில் இத்தனை நாள் இருக்க, இந்த அம்மாவுக்கு இன்றைக்குத்தானா அடக்கம்? சர்ச் வாசலில் குடையை மடக்காமலே போதகரிடம் சண்டைக்கு நின்றேன்.

"இன்னிக்கு ஒரு நாள் பிள்ளைங்கள வீட்டுக்கு அனுப்பிடுங்க டீச்சர்."

"அதிகாரி வர்றாரு பாஸ்டர். இன்னிக்குத்தான் வர்றாரு."

"அடக்கத்தைத் தள்ளிப்போட முடியுமாம்மா? மகன் வெளிநாட்டுலேர்ந்து வந்து இறங்கிட்டாரு."

"என்னால பள்ளிக்கூடத்தைத் தள்ளிப்போட முடியுமா?"

போதகர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நல்ல மனிதர். போன மழைக்காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தின் கூரை இறங்கிவிட்டபோது, "வாரநாள்ல சர்ச் சும்மாதானே கெடக்கு" என்று தானாக வந்து சாவியைக் கொடுத்தவர். அன்றிலிருந்து பீடத்துக்குக் கீழே கரும்பலகை, பெஞ்சுகளில் பிள்ளைகள். பிறகு யாரோ ஒரு புண்ணியவான், அங்கே வகுப்பே நடக்கவில்லை, எல்லாம் கண்துடைப்பு என்று மேலிடத்தில் போட்டுக்கொடுத்துவிட்டார். அதைச் சரிபார்க்கத்தான் அதிகாரி வருகிறார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் பள்ளியை மூடி, பிள்ளைகளை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். லாரிகள் பறக்கும் அந்தச் சாலையைத் தாண்டிப் பாதிப் பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். அந்தப் பாதி யார் யார் என்றுகூட எனக்குத் தெரியும்.

"சரி, ரெண்டும் நடக்கட்டும்" என்றார் போதகர். "பின்னாடி உட்கார வைங்க. மூச்சு விடக் கூடாது."

உஷ் அம்மா சர்ச்சுக்கு எதிர்வீட்டுக்காரர். அந்தப் பெயரை வைத்தது பிள்ளைகள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு பக்கவாசலில் வந்து நிற்பார். "உஷ்! இது சர்ச்சா, சந்தையா?" என்று ஆரம்பித்தால் பெஞ்சில் கீறல், தரையில் சாக்பீஸ் தூள், கதவில் எண்ணெய்க் கை என்று ஒவ்வொன்றாகக் காட்டித் திட்டிவிட்டுத்தான் போவார். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். எனக்கு மட்டுமா, தெருவில் அவர் சண்டை போடாத வீடே கிடையாது. அதனால்தான் அடக்க ஆராதனைக்கு வந்தவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம் போலிருந்தது.

சவப்பெட்டியை வைக்க இடம் வேண்டுமென்று கரும்பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள். பிள்ளைகளை எழுதச் சொல்லியிருந்தேன். போதகரின் மனைவி வந்து, "பாவம், பாட்டாவது பாடட்டுமே" என்று நோட்டுகளை எடுத்து ஓரமாக அடுக்கிவிட்டு ஆளுக்கொரு பாட்டுப் புத்தகத்தைத் திணித்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலைப் பார்ப்பதும் பெட்டியைப் பார்ப்பதுமாக இருந்தேன். கிளம்பு அம்மா, சீக்கிரம் கிளம்பு என்று மனதுக்குள் அவரைத் துரத்திக்கொண்டுகூட இருந்தேன்.

இரண்டாவது பாட்டின் நடுவில் அதிகாரி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டுப் புத்தகங்களைப் பார்த்தார். திருப்பி வைத்த கரும்பலகையைப் பார்த்தார்.

"இதுதான் உங்க வகுப்பா?"

"முடியட்டும் சார், நடத்திக் காட்டறேன்."

"சர்ச்சுக்கு ஆள் சேர்க்கப் பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. எழுதினவங்க தப்பா எழுதலையே" என்று பேனாவைத் திறந்தார்.

ஜெபம் முடிந்ததும் மகன் எங்களை நோக்கி வந்தார். தலை நரைத்த, கசங்கிய சட்டை போட்ட மனிதர். பெஞ்சு பெஞ்சாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"டீச்சர், இவ்வளவு பேருமா அம்மாவுக்காக வந்திருக்காங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் மனது குளிர்ந்துவிடும், என் பள்ளிக்கூடம் போய்விடும். பக்கத்தில் பேனா காத்துக்கொண்டிருந்தது.

"இல்லங்க. இது எங்க வகுப்பு. தினமும் இங்கதான் நடக்குது. உங்கம்மா தினமும் வந்து எங்களத் திட்டுவாங்க."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். தாயைப் பறிகொடுத்தவரிடம் பேசுகிற பேச்சா இது? அவர் கோபப்படவில்லை. பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அப்ப பிள்ளைங்க நிஜமாவே இருந்தாங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"சாயங்காலம் போன் பண்ணினா இதேதான் சொல்லுவாங்க. சர்ச் நெறைய பிள்ளைங்கடா, ஒரே இரைச்சல், பெஞ்சையெல்லாம் கீறுதுங்கன்னு. நான் இந்த சர்ச்ல வளர்ந்தவன் டீச்சர். ஞாயித்துக்கிழமையே பத்துப் பேர் வந்தா பெரிசு. அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சிடுச்சுன்னு நெனச்சிட்டேன். யார்கிட்டயும் கேக்கணும்னுகூடத் தோணலை."

"எப்போலேர்ந்து அப்படிச் சொன்னாங்க?" என்று கேட்டது அதிகாரி.

"போன மழைக்காலத்துலேர்ந்து. சனி, ஞாயிறு மட்டும் பிள்ளைங்க பேச்சே இருக்காது."

அதிகாரி கொஞ்ச நேரம் எழுதினார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "வகுப்பு நடக்குது. நான் எழுதிட்டேன்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டேன். அந்த இடத்தில் அப்படி மூச்சு விட்டது எனக்கே வெட்கமாக இருந்தது.

மகன் யாரையும் கவனிக்கவில்லை. "டாக்டர ஏற்பாடு பண்ணி மாத்திரை குடுக்க வச்சேன்" என்றார். "ரெண்டு மாசமா பிள்ளைங்க பேச்சையே எடுக்கல. சாப்டேன், தூங்கினேன், அவ்வளவுதான். குணமாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன்." பிறகு நிமிர்ந்து, "கடைசியா எப்ப இங்க வந்தாங்க?" என்று கேட்டார்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வரவில்லை.

"போன வெள்ளிக்கிழமை. நல்லாத்தான் திட்டிட்டுப் போனாங்க."

அவர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப என்கிட்ட சொல்றத மட்டும்தான் நிறுத்தியிருக்காங்க."