குண்டூசிக்கு இரண்டு வரி வசனம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் அக்கா கேட்டது. இன்று காலை பத்தேகாலுக்கு ஃபோன் செய்து, "ரெண்டு வரி வசனம் வேணும்டா. சாயங்காலம் ஏழரைக்குள்ள" என்றாள்.

நான் தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுதுகிறவன். நாளொன்றுக்குப் பன்னிரண்டு பக்கம். அதில் நாலு பக்கம் அழுகை, மூன்று பக்கம் சந்தேகம், ஒரு பக்கம் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பது. மீதி, "காபி சாப்பிடறீங்களா?" இரண்டு வரியெல்லாம் எனக்குக் கொட்டாவி விடுகிற நேரத்தில் முடிகிற வேலை.

மணி இப்போது மூன்று. ஒரு வரிகூட வரவில்லை. அதனால்தான் கதை எழுத உட்கார்ந்தேன். வசனம் வராதபோது எழுத்தாளன் கதை எழுதுவான். கதையும் வராதபோது பேட்டி கொடுப்பான்.

ஆரம்பம், முதல் முயற்சி:

"நகரத்தின் விளிம்பில், அமைதி தவழும் ஒரு குடியிருப்பில், மௌனம் என்னும் மூன்றாவது சகோதரியோடு இரு சகோதரிகள் வாழ்ந்து—"

வேண்டாம். அங்கே அமைதி தவழவில்லை, தண்ணீர் மோட்டார்தான் ஓடுகிறது. மௌனத்துக்கும் அந்த வீட்டில் இடமில்லை. கீழே அக்கா, மாடியில் தங்கை. படிக்கட்டு வழியாக நாள் முழுக்கப் பேச்சு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

2

பாத்திரங்களை அறிமுகம் செய்துவிடுகிறேன். மூன்றே பேர்தான்.

அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது. தங்கைக்கு நாற்பத்து நாலு. சின்ன வயதில் உடம்பு ஒல்லி, தலை மட்டும் உருண்டை என்பதால் அவளுக்குக் 'குண்டூசி' என்று பெயர் வைத்தோம். இப்போது உடம்பும் உருண்டைதான், பெயர் மட்டும் இளைக்காமல் இருக்கிறது. உலகத்தில் இந்தப் பெயர் உள்ள ஒரே மனுஷி அவள்தான். இது பின்னால் தேவைப்படும், நினைவில் வையுங்கள்.

நடுவில் பிறந்தவன் நான். அவர்கள் சண்டை போட்டால் சாட்சி, சமாதானமானால் பொது எதிரி.

தினமும் ஏழரைக்குத் தங்கை கீழே இறங்கி வருவாள். சோபாவில் அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் தங்கை, நடுவில் இரண்டு வீட்டுக் காய்ந்த துணியும் சேர்ந்து ஒரு குன்று. என் தொடரைப் பார்த்துக்கொண்டே மடிப்பார்கள். தலையணை உறை, துண்டு எல்லாம் தனித்தனியாக. போர்வை வந்தால் இருவரும் எழுந்து ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, நெருங்கி வந்து, சேர்த்து, விலகி, மறுபடி நெருங்குவார்கள். கண் டிவியிலேயே இருக்கும், ஆனாலும் ஒரு முனை நழுவாது.

"யாருடா இப்படியெல்லாம் பேசுறா? 'என் இதயம் ஒரு எரிமலை'யாம்" என்பாள் தங்கை.

"அந்த எரிமலையைப் போய் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கச் சொல்லு" என்பாள் அக்கா.

எப்போதாவது நான் போகிற நாளில், எழுதினவன் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பான். ஒரு நாளும் அவனிடம் ஒரு முனையைக் கொடுத்ததில்லை.*

* இது பொறாமை இல்லை. தகவல்.

3

ரகசியத்தைச் சொல்லாமல் கதை நகராது.

இரண்டு வருடத்துக்கு முன் அக்காவுக்குப் பித்தப்பையில் கல். அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோகும் முன், பச்சைச் சட்டையும் காகிதத் தொப்பியுமாகப் படுத்திருந்தவள், தங்கை மருந்துக் கடைக்குப் போன நேரம் பார்த்து என் கையைப் பிடித்தாள்.

"நான் எழுந்திரிக்கலேன்னா அவகிட்ட ஒண்ணு சொல்லிடு. அன்னிக்கு ஃபோன் வந்துச்சு."

"எந்த ஃபோன்?"

"டிவி ஸ்டேஷன்லேருந்து."

இருபத்திரண்டு வருடம் முன்பு செய்தி வாசிக்கிற வேலைக்கு இருவரும் ஒன்றாகத்தான் குரல் தேர்வுக்குப் போனார்கள். அக்காவுக்குத்தான் அந்த ஆசை. தங்கையைக் கண்ணாடி முன் நிறுத்தி, சீப்பைக் கையில் கொடுத்து, பழைய செய்தித்தாளை ஏற்ற இறக்கத்தோடு படிக்கப் பழக்கியவளும் அவளே. துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டுச் சிவப்பு டெலிஃபோன் ஒரே ஒரு தடவைதான் அடித்தது. அக்கா எடுத்தாள். சின்னவளைத் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். பெரியவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"யாருக்கா ஃபோன்ல?" என்று கேட்டிருக்கிறாள் தங்கை.

"ராங் நம்பர்."

"மறைக்கணும்னு நெனைக்கலடா. அன்னிக்கு மட்டும் வாய் வரல. நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நாளைக்கு, நாளைக்குன்னே திங்கக்கிழமை போயிடுச்சு. அப்புறம் சொன்னா, ஏன் நேத்தே சொல்லலைன்னு கேப்பாளே" என்றாள் அக்கா, தொப்பிக்குள்ளிருந்து.

தங்கை ஒரு மாதம் அந்த டெலிஃபோனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளராகச் சேர்ந்தாள். இன்றும் அங்கேதான். "டோக்கன் நம்பர் பதினேழு, உள்ளே வரலாம்" என்று அவள் சொன்னால், கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள்கூட ஒரு நொடி நிமிர்ந்து பார்க்கிறார்கள். அப்படி ஒரு குரல்.

அக்கா நல்லபடியாக எழுந்துவிட்டாள். கல்லை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். ரகசியத்தை என்னிடம் விட்டுவிட்டார்கள்.

[இந்த இடத்தில் ஒரு பக்கம், குற்றவுணர்ச்சி என்பது மனித நாகரிகத்தின் அடித்தளம் என்று ஆரம்பித்து எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தேன். கிழித்துவிட்டேன்.]

4

போன மாதம் எங்கள் தொடரைப் பார்ப்பவர்கள் குறைந்தார்கள். சேனல்காரர் கூட்டம் போட்டார்.

"ஆடியன்ஸுக்கு ஒரு பெரிய ரகசியம் வேணும் சார். வெளியேருந்து வந்ததா இருக்கக் கூடாது. வீட்டுக்குள்ளயே இருந்திருக்கணும்."

அவர் சொன்னதும் எனக்கு எது ஞாபகம் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நான் யோசிக்கக்கூட இல்லை. கை தானாக எழுதியது.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. தொடரின் ஆட்கள் யாரும் மனிதர்கள் மாதிரி பேச மாட்டார்கள் என்பதால், முதலில் வீட்டு ஆட்களை நினைத்து, அவர்கள் பெயரிலேயே எழுதிவிடுவேன். பிறகு கம்ப்யூட்டரில் ஒரே அமுக்கு, பெயரெல்லாம் மாறிவிடும். அறுநூறு எபிசோடாக இப்படித்தான். ஒரு தடவையும் தப்பியதில்லை.

அந்தக் காட்சியை எடுத்த அன்று படப்பிடிப்பில் இருந்தேன். எங்கள் செட்டில் மாடிப்படி எட்டாவது படியோடு முடிந்துவிடும். கோபித்துக்கொண்டு மாடிக்குப் போகிறவர்கள் மேலே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து 'கட்' வரும்வரை காத்திருப்பார்கள். அக்காவாக நடிக்கிறவர் மன்னிப்புக் கேட்டு அழுதுகொண்டிருந்தார். டைரக்டர் என் பக்கம் திரும்பினார்.

"சார், கண்ணீர் கன்னம் வரைக்கும் வருது. தாடைக்கு வரல. தாடைக்கு வர்ற மாதிரி இன்னொரு லைன் குடுங்க."

நின்றபடியே ஒரு சாப்பாட்டுப் பட்டியலின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். காகிதத்தில் அந்த ஒரே அமுக்கு வசதி இல்லை. எங்கள் தொழிலில் நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்வதும் இல்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒருவர் படிப்பார், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அவர் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தார்:

"என்னை மன்னிச்சிடுடி குண்டூசி."

மறுநாள் டைரக்டர் ஃபோன் செய்தார். "சார்! குண்டூசின்னு ஒரு செல்லப் பேரு வச்சீங்க பாருங்க. குத்துது சார்! யூனிட்டே அழுதுச்சு!"

அறுநூறு எபிசோடில் ஒருவர் என் வசனத்தைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. டப்பிங்கில் மாற்றிவிடலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று பதினோரு நாள் போய்விட்டது. எபிசோட் சேனலுக்குப் போய்விட்டது. இன்று ஏழரைக்கு ஒளிபரப்பு.

5

இன்று காலையிலிருந்து முன்னோட்டம் ஓடுகிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அக்கா பத்தேகாலுக்கு ஃபோன் செய்தாள். நல்லவேளையாகத் தங்கை பார்க்கவில்லை. மருத்துவமனை டிவியில் பல் தேய்ப்பது எப்படி என்பதைத் தவிர வேறொன்றும் ஓடாது.

"ஏண்டா, உன் சீரியல்ல ஒரு சிவப்பு ஃபோன் வருதே."

"அந்தக் காலத்துல எல்லார் வீட்லயும் சிவப்பு ஃபோன் இருந்துச்சுக்கா."

"எல்லார் வீட்லயும் ராங் நம்பர்னு சொன்னாங்களா?"

நான் ஃபோனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"சரி விடு. அவ என்ன, கதைன்னுதான நெனைப்பா" என்று அவளே எனக்குச் சமாதானமும் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. கடைசி வசனத்தைச் சொல்லிவிட்டேன். பெயரோடு.

அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா, ஒரு வேலை பண்ணேன். ஏழரைக்கு கரண்ட் போயிடுச்சுன்னு—"

"நீ எழுதற வீட்லதான்டா கேட்ட நேரத்துல கரண்ட் போகும்." மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தாள். "டிவிக்காரி சொல்லி அவ தெரிஞ்சுக்கக் கூடாது. நான் முந்திக்கணும். ஆனா எப்படி ஆரம்பிக்கறதுன்னு வரல. ஊர்ல இருக்கற அக்காளுங்களுக்கெல்லாம் எழுதறியே, உங்கக்காவுக்கு ரெண்டு வரி எழுதிக் குடுடா."

6

மணி நாலரை. எழுதியவை:

(அ) "காலம் என்னை மன்னித்தாலும் என் மனசாட்சி—" காலம் யாரையும் மன்னித்ததாக எனக்குத் தெரியவில்லை. அதற்கு அந்த வேலையும் இல்லை.

(ஆ) "அப்ப நான் சின்னப் பொண்ணுடி, எனக்கு என்ன தெரியும்?" இருபத்தேழு வயது. எல்லாம் தெரியும்.

(இ) "நீ அங்க போயிருந்தா இப்படி நிம்மதியா இருந்திருப்பியா?" இதைச் சொன்னால் அக்காவை நானே அடிப்பேன்.

வசனம் வராததால் முடிவுகளை யோசித்தேன். தங்கை மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது ஒன்று. (அந்த வீட்டு மாடிப்படி நிஜமானது. எட்டாவது படியில் ஸ்டூல் இல்லை.) இன்னொன்று, "எனக்கு அப்பவே தெரியும்க்கா" என்று தங்கை சிரிப்பது. இது எழுத்தாளர்கள் தப்பித்து ஓட வைத்திருக்கிற பின்வாசல். அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு மாதம் அந்த டெலிஃபோனைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்க மாட்டாள்.

அக்கா என்ற பாத்திரத்தின்மீதும் சந்தேகம் வந்தது. இருபத்திரண்டு வருடம் ஒருத்தியோடு போர்வை மடித்துக்கொண்டே இதை எப்படி உள்ளே வைத்திருந்தாள்? நம்புகிற மாதிரி இல்லையே என்று மூன்றாம் பகுதியையே அடித்துவிடப் போனேன். அப்போதுதான் நான்காம் பகுதியில் நான் எழுதிய 'நாளைக்கு, நாளைக்கு' கண்ணில் பட்டது. அவளுக்குத் திங்கட்கிழமை வரைதான் அவகாசம் இருந்தது. எனக்குப் பதினோரு நாள். அவள் தங்கையின் ஒரு ஃபோனை வைத்துக்கொண்டாள். நான் இரண்டு பேர் வாழ்க்கையையும் எடுத்து, நடுவில் சோப்பு விளம்பரம் விட்டு, ஊருக்கே காட்டப்போகிறேன்.

இரண்டாம் பகுதியில் ஒரு அடிக்குறிப்பு போட்டிருந்தேன் அல்லவா? அது தகவல் இல்லை. பொறாமைதான்.

மணி ஆறு. வெறுங்கையோடு கிளம்புகிறேன்.

7

இதை மறுநாள் எழுதுகிறேன்.

கதவைத் திறந்ததும் அக்கா, "கொண்டாந்தியா?" என்றாள்.

"இல்லக்கா."

"ஒரு வரிகூட?"

"வரல."

"இதுக்குத்தான் ஏழு வருஷமா சம்பளம் வாங்குறியா?" என்றாள். ஆனால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஏழு இருபதுக்கே படியில் செருப்புச் சத்தம். தங்கை வேலைக்குக் கட்டின புடவையைக்கூட மாற்றாமல் துணி மூட்டையோடு வந்தாள். "இன்னிக்கு என்ன, எழுத்தாளரே நேர்ல? சீரியலுக்குச் சேதாரம் ஜாஸ்தியோ?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். "டிவி ஏன்கா போடல?"

"போடலாம். முதல்ல இந்தப் போர்வையைப் பிடி."

பெரிய போர்வை, நீலக் கோடு போட்டது. இருவரும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து விலகினார்கள். உதறினார்கள். ஒரு தடவை போதும், அக்கா இரண்டாவது தடவையும் உதறினாள். தங்கை முதல் மடிப்புக்கு நெருங்கி வந்தாள். அக்கா நகரவில்லை.

"குண்டூசி, அன்னிக்கு வந்தது ராங் நம்பர் இல்லடி. உனக்கு வந்த ஃபோன். எனக்கு வரலையேன்னுதான் உங்கிட்ட சொல்லல."

நான் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுத முடியாதது அவ்வளவுதான். காலம் இல்லை, மனசாட்சி இல்லை, எரிமலை இல்லை.

எதிர்வீட்டு டிவியில் எங்கள் தொடரின் பாட்டு ஆரம்பித்தது. போர்வை இருவருக்கும் நடுவில் விறைப்பாக நின்றது.

பிறகு தங்கை பேசினாள், அந்தக் குரலில். என்ன சொன்னாள், போர்வையை என்ன செய்தாள், எல்லாவற்றையும் நான் ஐந்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். இன்று காலை முதல் ஆறு பகுதிகளை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "எல்லாம் எழுதிக்கோ. நான் சொன்னதும் செஞ்சதும் மட்டும் வேணாம். அது என்னோடது."

அதனால் எழுதவில்லை. அந்த வீட்டிலிருந்து நான் எடுக்காமல் விட்டுவைக்கிற முதல் பொருள் இது.

உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால், வந்து நில்லுங்கள். போர்வை இன்னும் விரித்தபடிதான் இருக்கிறது. இரண்டு முனை அக்காவிடம். மற்ற இரண்டையும் உங்கள் கையில் கொடுத்துவிட்டு நான் நகர்ந்துகொள்கிறேன்.