தம்பிக்குத் தெரிவிக்கப்பட்டது

அக்கா ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்த்தாள். முன்பக்கம் விளக்கும் சிரிப்புமாக வியாபாரம் நடக்கும். பின்பக்கம் இவள் ஈரச் சக்கரத்தில் லென்ஸின் விளிம்பைத் தேய்த்து, ஃப்ரேமுக்குள் பிசகாமல் உட்கார வைப்பாள். பதினெட்டு வருட வேலையில் இடது கட்டைவிரலின் ரேகையே மழுங்கிப்போயிருந்தது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். "இந்த ஊர்ல எவன் உயரத்துக்குப் போனாலும் நான் ஏத்தி விட்டதுதான்" என்று பீற்றிக்கொள்வான். அதனால் வீட்டில் அவனுக்கு 'மாடி' என்று பட்டப்பெயர். அப்பா நாற்பத்து மூன்று வயதில் குடல் புற்றுநோயில் போனார். சித்தப்பா நாற்பத்தாறில், அதே நோயில். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய மகளும் மகனும்தான் அவளுக்கு எல்லாம்.

அக்காவுக்கு நாற்பத்தொன்று நடந்தபோது வயிற்றைப் பிசைந்து வலித்தது. குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடலில் இரண்டு கட்டிகள். புற்றாக மாறும் முன்பே எடுத்துவிட்டார்கள். குடும்பக் கதையைக் கேட்ட டாக்டரம்மா மரபணுச் சோதனைக்கு ரத்தம் அனுப்பினார். சந்தேகப்பட்டது சரியாகவே இருந்தது என்று ஃபோனில் சொன்னார். அப்பாவிடமிருந்து வந்த கோளாறு.

இரண்டு நாள் கழித்து நேரில் போனபோது டாக்டரம்மா ஒரு தாளில் ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமும் போட்டு வம்சத்தை வரைந்தார். அப்பா, சித்தப்பா மேல் குறுக்குக் கோடு.

"உங்க தம்பிக்கும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கும்மா. வருஷா வருஷம் பாத்துக்கிட்டா பயமில்லை. அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"நேத்தே சொல்லிட்டேன் டாக்டர்."

அவர் சந்தோஷமாகத் தலையாட்டி, தம்பியின் சதுரத்துக்குக் கீழே எழுதினார்: தம்பிக்குத் தெரிவிக்கப்பட்டது.

அவள் சொன்னது உண்மைதான். முந்தின நாள் தம்பி வீட்டுக்குப் போய், அடுப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டியிருந்தாள். முதலில் அவன் மனைவிதான் கேட்டாள்.

"அந்த டெஸ்ட்ல வந்துட்டா என்ன அண்ணி பண்றது?"

"பாத்துக்கிட்டே இருக்கணும். சின்னதுலயே எடுத்துடலாம்."

"எதை வெச்சுப் பாக்கறது அக்கா?" என்றான் தம்பி. "கம்பெனி எங்களை கான்ட்ராக்ட்ல தள்ளிட்டான். இன்ஷூரன்ஸ் போச்சு. இப்பதான் குடும்பத்துக்குன்னு ஒரு மெடிக்கல் பாலிசி எழுதப்போறேன். ஃபாரத்துல ஜீன் டெஸ்ட் எடுத்தியான்னு கேக்கறான். எடுத்துட்டு இல்லைன்னு எழுத முடியுமா? ஆமான்னு எழுதினா எனக்கும் கிடையாது, பசங்களுக்கும் கிடையாது. முதல்ல பாலிசி கைக்கு வரட்டும். ரெண்டு வருஷம் போனாதான் பெரிய நோய்க்குக் குடுப்பானாம். அதுக்கப்புறம் எடுக்கறேன். ஓடியா போகப்போறேன்?"

இன்ஷூரன்ஸ் முகவர் வந்து அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்ப வைத்தார். மரபணுச் சோதனை செய்ததுண்டா? இல்லை. அது உண்மை. ரத்த உறவில் பரம்பரை நோய் உண்டா? அந்த இடத்தில் தம்பியின் பேனா நின்றது. "இல்லைன்னு போடுங்க சார், எல்லாரும் அப்படித்தான் போடறாங்க" என்றார் முகவர். தம்பி போட்டான்.

அக்காவுக்கு அது உறுத்தலாக இருந்தது. டெஸ்ட் எடுக்கச் சொல்லி வாரம் தவறாமல் நச்சரித்தாள். அவன் சிரித்துப் பேச்சை மாற்றுவான். ஒருநாள் சிரிக்காமல், "தெரியாம இருக்கறதுதான் அக்கா இப்ப எனக்கு இருக்கற ஒரே பாதுகாப்பு" என்றான். பிறகு அவள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு வருடம் முடிந்த மறுவாரமே தம்பி ஆஸ்பத்திரிக்குப் போனான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடலை அடைத்து, கல்லீரலையும் பிடித்திருந்தது.

இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்ட காகிதங்களையெல்லாம் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. குடும்ப நோய் வரலாற்றைத் தெரிந்தே மறைத்ததால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது, பாலிசி ரத்துசெய்யப்படுகிறது. ஆதாரமாக ஒரு நகல் இணைத்திருந்தார்கள். சதுரங்களும் வட்டங்களும் இருந்த தாள். அக்கா வேலை பார்த்த கடையின் ஆட்களுக்கும் அதே கம்பெனியில்தான் இன்ஷூரன்ஸ். தன் சிகிச்சைக்காக அவள் கொடுத்திருந்த காகிதக் கட்டோடு அந்தத் தாளும் அவர்கள் கைக்குப் போயிருந்தது. தம்பியின் சதுரத்துக்குக் கீழே இருந்த வரியை யாரோ மஞ்சள் மையால் தீட்டியிருந்தார்கள்.

அக்கா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் ஓடினாள்.

"ஜீனைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்குன்னு சொல்றாங்களே சார்?"

"இருக்கும்மா. ஆனா அவங்க ஜீனைக் காட்டலையே. மறைச்சதைத்தானே காட்டறாங்க."

"மறைக்காம எழுதியிருந்தா?"

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேற ஏதாவது காரணம் சொல்லி, பாலிசியே குடுத்திருக்க மாட்டாங்க."

"அது தப்பில்லையா?"

"தப்புதான். நிரூபிக்கணுமே. கேஸ் போடலாம், மூணு நாலு வருஷம் ஆகும். தம்பிக்கு டாக்டர் எவ்வளவு நாள் சொல்லியிருக்காரு?"

அவள் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று மருந்து ஏற்றினார்கள். ஜன்னலோரக் கட்டிலில் தம்பி சுருண்டு கிடந்தான். அக்கா அவன் காலைப் பிடித்துவிட்டபடி, "நான் அந்த டாக்டர்கிட்ட வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்டா" என்றாள்.

"நீ நல்லதுக்குத்தானே சொன்னே" என்றான். பிறகு, "ஆனா அக்கா, சொல்லாம இருந்திருக்கலாம்" என்றான். இரண்டையும் மனசாரத்தான் சொன்னான்.

ஐந்தாவது மாதம் தம்பி போய்ச் சேர்ந்தான்.

காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் போனதும் தம்பி மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அவருக்கு முன்னாடியே ரத்தம் போச்சு அண்ணி. உங்களுக்குத் தெரியாது."

"எப்ப?"

"பாலிசி எடுத்த இருபதாம் மாசமே. மூலம்னு சொல்லிக்கிட்டாரு. எனக்குப் பயமாதான் இருந்துச்சு. ஆனா நான்தான் சொன்னேன். நாலு மாசம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோங்கன்னு." முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு முந்தானையை எடுத்துவிட்டு, நிதானமான குரலில் சொன்னாள். "நீங்க இனிமே இங்க வராதீங்க அண்ணி. உங்களைப் பாத்தா ஒண்ணு உங்க மேல கோவம் வருது, இல்லைன்னா என் மேல வருது. ரெண்டையும் என்னால தாங்க முடியல."

அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

தம்பி மகளுக்கு இருபத்திரண்டு முடிந்தது. வேறு ஊரில் வேலை கிடைத்திருப்பதாக அக்கா கேள்விப்பட்டாள். மனசு கேட்கவில்லை. கிளம்புகிற அன்று அக்கா பேருந்து நிலையத்தில் போய் நின்றாள். பெண்ணுக்கு அப்பாவின் நெற்றி, அப்பாவின் நடை. அத்தையைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டாள்.

"கண்ணு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று அக்கா தொடங்கினாள்.

பெண் சட்டென்று விலகி, இரண்டு கையாலும் அவள் வாயைப் பொத்தினாள்.

"வேண்டாம் அத்தை. எனக்குத் தெரியும் நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னு. டெஸ்ட் எடுக்கச் சொல்லாதீங்க. புதுக் கம்பெனியிலயும் ஃபாரம் இருக்கு. என் தம்பியும் இன்னும் படிச்சுக்கிட்டு இருக்கான். எனக்கு இருக்குன்னு வந்தா அவனையும் சேத்துதான் ஒதுக்குவாங்க." பொத்திய கையை மெல்ல எடுத்தாள். "அப்பா வயசுக்கு இன்னும் நாள் இருக்கு. அதுவரைக்கும் என்னை விடுங்களேன்."

அக்கா சரியென்று தலையை ஆட்டினாள். நடத்துநர் விசில் ஊதினார். பெட்டியைத் தூக்கி உள்ளே வைக்க உதவினாள்.

மாதம் ஒருமுறை பெண் ஃபோன் செய்கிறாள். சாப்பாடு சரியாக இருக்கிறதா, அறையில் தண்ணீர் வருகிறதா என்று அக்கா கேட்பாள். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். ஃபோனை வைத்ததும் பின்னறைக்குப் போய்ச் சக்கரத்தை ஓடவிட்டுவிட்டு, லென்ஸை எடுக்காமல் கொஞ்ச நேரம் அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பாள்.