நோன்பு திறக்கும் நேரத்து அழைப்பு

என் ஈரலுக்குள் என்ன நடக்கிறது என்று டொக்டர் சுமித்திரா சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

“கொழுப்புக் கூடிப்போச்சு, அம்மா. அங்க இருக்கிற உயிர்க்கலங்கள் சும்மா சாகேல்ல. வீங்கி வெடிச்சுச் சாகுது. அதில இருந்து கொட்டுறது பட்டுப் பக்கத்தில இருக்கிறதுக்கும் அழற்சி வருது. பிறகு அதுகளும் சாகுது. சீனி வருத்தக்காரருக்கு இப்பிடித்தான் ஈரல் பழுதாகிறது.”

பாருங்களேன், கலத்துக்குக்கூடப் பக்கத்தில் ஆள் இருக்கிறது! தண்ணீரூற்றில் என் வீட்டுக்கு இரண்டு பக்கமும் வெறுங்காணி. எங்கள் குடும்பத்தில், இடம்பெயர்ந்து இருந்த புத்தளத்திலிருந்து ஊருக்குத் திரும்பியவள் நான் மட்டும்தான். மகள் பஸ்னா அங்கேயே கலியாணம் முடித்துத் தங்கிவிட்டாள்.

“இந்த முறை நோன்பு வேண்டாம். இன்சுலின் போட்டிட்டுப் பட்டினி கிடந்தா சீனி சடாரெண்டு இறங்கும். மயங்கி விழுந்தா ஆர் பார்க்கிறது?”

“அல்லாஹ் பார்ப்பான்,” என்றேன் வெடுக்கென்று. அவர் கோபிக்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

காரணத்தை அவரிடம் எப்படிச் சொல்வது? மற்ற மாதங்களில் பஸ்னா போனில் கோல் எடுப்பதே அரிது. நோன்பு மாதத்தில் மட்டும் ஒவ்வொரு நாளும் நோன்பு திறக்கச் சொல்லும் பாங்குக்குச் சற்று முன் எடுப்பாள். இங்கே பாங்கு கொஞ்சம் முந்திவிடும். பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களுக்காகக் காத்திருப்பேன். பிறகு அங்கே அவளும் பேரப்பிள்ளைகளும், இங்கே நானும் ஒன்றாகக் கடிப்போம். கஞ்சிக்கு உப்பில்லை என்று மருமகன் முணுமுணுப்பதுகூடக் கேட்கும். அந்தக் கொஞ்ச நேரம் நான் தனியாள் இல்லை.

ஆனாலும் முதல் நோன்பன்று டொக்டரின் சொல்லைக் கேட்டு மத்தியானம் சாப்பிட்டேன். மாலையில் பஸ்னா எடுத்தபோது உள்ளதைச் சொன்னேன்.

“நல்லது உம்மா! நானும் பயந்துகொண்டுதான் இருந்தனான். இனி இந்த நேரத்தில எடுத்து உங்களைக் கரைச்சல்படுத்த மாட்டன். நேரத்துக்குச் சாப்பிட்டிட்டு ஆறுதலாப் படுங்கோ, என்ன?”

“ஓம் மகள்,” என்றேன்.

மறுநாள் பாங்கு சொன்னது. போன் அடிக்கவில்லை. பாழாய்ப்போன மனம் கேட்குமா? நானே எடுத்தேன். அங்கே கோப்பைச் சத்தம், பிள்ளைகளின் சிரிப்பு.

“என்ன உம்மா, சுகமில்லையோ?”

“சுகம்தான் மகள். டொக்டர் பிடிக்கலாம் எண்டிட்டா. நாளைக்கு நான் நோன்பு.”

“உண்மையே? அல்ஹம்துலில்லாஹ்! அப்ப நாளைக்கு எடுக்கிறன்.”

டொக்டர் சம்மதித்தார் என்று பெற்ற பிள்ளைக்குப் பொய் சொல்லலாம். ஆனால் பிடிக்காத நோன்பைப் பிடித்தேன் என்று சொல்ல எனக்கு வராது. விடியுமுன் சஹருக்கு எழும்பிச் சோறு தின்று, ஊசியும் போட்டு, நோன்பு பிடிக்க நிய்யத்து வைத்தேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கை நடுங்கத் தொடங்கியது. உடம்பெல்லாம் வியர்த்தது. சீனி இறங்குகிறது என்று தெரிந்தது. இனிப்பாய் எதையும் எடுத்துத் தின்னக் குசினிக்குப் போகாமல், பஸ்னா எடுக்கும்வரை போனை மடியில் வைத்துக்கொண்டு பாயிலேயே இருந்தேன்.