அண்டாவின் தாய்வீடு

1

"மேடையில பேசினதெல்லாம் சட்டமாயிடுமா..."

"அப்ப மேடையில பொய்யா சொன்னீங்க?"

"பொய்யில்லம்மா, அது ஒரு..."

"சாப்பிட்டுக்கிட்டே சொல்லுங்க மேடம், ஆறிடும்."

இந்தக் கதை என் காதில் விழுந்தது இப்படித்தான். தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் சொல்ல எங்கள் தொகுதி அமைச்சரின் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. எனக்குக் கதைகள் முகமாக வருவதில்லை, குரலாகத்தான் வரும். அதனால் எட்டிப் பார்க்கவில்லை. (பார்த்தேன். ஒரே ஒரு தடவை.)

2

முறையாகத் தொடங்குகிறேன். 'அரசுக் காப்பகத்தில் வளர்ந்த அந்த அனாதைப் பெண்ணின் கண்களில்...'

வேண்டாம். அவள் கண்ணில் ஒன்றுமில்லை. இடுப்பில்தான் பெரிய பாத்திரம் இருந்தது.

காப்பகத்தில் அவளை அண்டா என்பார்கள். அறுபது பேருக்குச் சமைக்கும் அடுப்படியிலேயே வளர்ந்தவள். பதினெட்டு முடிந்ததும் வெளியே அனுப்பினார்கள். வாடகை அறை, தையல் கடையில் வேலை. முதல் நாள் தனக்கு மட்டும் சமைக்கப் போனாள். கை பழக்கப்படி அள்ளிவிட்டது. மாடிப்படி வரை ஆட்களை உட்காரவைத்துப் பரிமாற வேண்டியதாயிற்று.*

ஞாயிற்றுக்கிழமை சின்னவர்களுக்குச் சமைத்து எடுத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனாள். வெளியேறியவர்கள் மறுபடி உள்ளே வரக்கூடாது என்பது விதி. அவளைத் தூக்கி வளர்த்த காவல்கார மாமா கேட்டைத் திறக்காமல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, வெயில் அதிகம் என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தாராம்.

அந்தப் பிள்ளைகளிடம் ஆண்டுவிழாவில், "அரசாங்கம்தான் உங்க தாய்வீடு" என்று சொன்னவர் காப்பகங்களுக்குப் பொறுப்பான இந்த அமைச்சர்தான். திங்கட்கிழமையே மறுபடி சமைத்து எடுத்துக்கொண்டு அவரிடம் வந்துவிட்டாள்.

* "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்காரரும் உட்கார்ந்தாராம்.

3

அமைச்சரைக் கொடுமைக்காரியாக எழுதத்தான் நினைத்தேன். சரிப்படவில்லை. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவரை எப்படி வில்லியாக்குவது? வெளியறையில் எழுத்தர், ஓட்டுநர், மனுக் கொடுக்க வந்தவர்கள், நான், எல்லார் கையிலும் தட்டு. தெருவிளக்கு எனக்கு மறந்தே போனது.

கொஞ்சமாகச் சமைக்கக் கற்றுக்கொள் என்றார் அமைச்சர்.

"ஒருத்திக்கு எப்படிச் சமைக்கிறதுன்னு எங்களுக்கு யாரும் சொல்லித்தரல மேடம். அதுவும் உங்க துறைதான்."

வெளியறை சிரித்தது. உள்ளே அமைச்சருக்குச் சிரிப்பில் புரையேறியது. உரிமையோடு அவர் தலையில் தட்டினாள் அண்டா. காப்பகத்தில் இருக்கிற அறுபது பேரும் உங்களை நினைக்கிறார்கள் என்றாள்.

4

முடிவுகள். ஒன்று: அன்றே விதி மாறியது. (எனக்கே நம்பிக்கையில்லை.) இரண்டு: ஞாயிறன்று பாத்திரத்தின் ஒரு காதை அமைச்சரே பிடித்துக்கொண்டு... பிடித்துக்கொண்டு என்ன செய்தார்?

மூன்றாவதை எழுத விடவில்லை அந்தக் குரல்கள்.

"விதிய மாத்தணும்னா குழு கூடணும், மேலிடத்துல கேக்கணும்..."

"தாய்வீட்டுக்குப் போற பொண்ணு யாரைக் கேட்டுட்டுப் போவா மேடம்?"

நாற்காலி நகர்ந்தது. எழுந்தது யார் என்று நான் பார்க்கவில்லை. உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளுங்கள். காலிப் பாத்திரத்தைத் தூக்குகிற சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். கேட்டை யாரு திறப்பாங்க?"