ரவர் என்றால் டவர்

குருநகர் அச்சகத்துக்குள் ஆரணி காலடி வைத்தபோது, அவளுடைய கட்டுரையை ஒரு கணினிக்குரல் வாசித்துக்கொண்டிருந்தது.

அச்சகக்காரர் கிறகோரி கைபேசியை அவள் பக்கம் திருப்பினார். "பிள்ளை, நீர் எழுதுறன் எண்டு சொன்ன கோட்டை விளையாட்டு யூரியூப்பிலையும் போகுது. இஞ்சை பாரும்."

"மேற்கு ரவரில் ஏறுமுன் ரோச்சை அணையுங்கள். ரைமர் நின்றுவிடும்," என்றது அந்தக் குரல்.

எழுத்துக்கு எழுத்து அவளுடையது. யாழ்ப்பாணத்தில் ரவர் என்று எழுதி டவர் என்று வாசிப்பார்கள். ரீச்சரும் ரிக்கற்றும் யூரியூப்பும் அப்படித்தான். அந்தச் சூட்சுமம் கணினிக்கு எங்கே விளங்கும்? 'ர' என்றால் அதற்கு 'ர' தான்.

வீடியோ விளையாட்டுகளுக்கென்று 'மூன்று உயிர்' என்ற இதழை ஆரணியும் அவளோடு படித்த கோகுலனும் சேர்ந்து நடத்துகிறார்கள். அவள் எழுதுவாள், அவன் கணினியில் பக்கம் கட்டுவான். எல்லாம் இணையத்தில் சும்மா கிடைக்கிற காலத்தில் காசு கொடுத்து வாங்க யாருக்குப் பைத்தியம்? போன இதழ்கள் கட்டுக் குலையாமல் திரும்பி வந்தன. இந்த முறையும் விற்காவிட்டால் இனிக் கொண்டுவர வேண்டாம் என்று நெல்லியடிப் புத்தகக்கடையில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். இதழை எடுத்து வைக்கிற கடை அது ஒன்றுதான். அதனால்தான் இணையத்தில் ஒருவரும் தாண்டாத, அந்தக் கோட்டை விளையாட்டின் மேற்குக் கோபுரத்தோடு ஒரு மாதம் மல்லுக்கட்டி, வழியைக் கண்டுபிடித்து எழுதியிருந்தாள்.

இதழ் இன்னும் அச்சேறவில்லை. அது இருந்த பென் டிரைவ் அவளுடைய கைப்பைக்குள் கிடந்தது. அவளைத் தவிர அதைப் பார்த்தவன் ஒருத்தன்தான். அங்கே நின்றபடியே அவனுக்கு அழைத்தாள்.

"கோகுலன், மேற்கு ரவரை வாசிக்கிற யூரியூப் சனல் ஆற்றை?"

"என்ரைதான். கோவிக்காதை ஆரணி. புத்தகத்தை ஆர் வாசிக்கினம்? இதை எத்தினை ஆயிரம் பேர் பாத்திட்டினம் தெரியுமே?"

"என்ரை பேர் எங்கை?"

"உன்ரை பேரை ஆர் தேடுகினம்?" என்றவன், புத்தி சொல்கிற குரலில் தொடர்ந்தான். "அடுத்தமுறை எழுதேக்கை 'ட' போட்டு எழுது. அது பிழையா வாசிக்குது. சனம் சிரிக்குது."

களவெடுத்தவன் களவெடுத்த பொருளில் குறை சொல்கிறான்! அடுத்தமுறையாம். ஆரணி அழைப்பைத் துண்டித்தாள்.

"அப்ப இதழை அடிக்கட்டே பிள்ளை, விடட்டே?" என்று கேட்டார் கிறகோரி. அவருக்கும் விஷயம் விளங்கிவிட்டது.

"அடியுங்கோ அண்ணை. ஒரு எழுத்தும் மாத்த வேண்டாம்."

இதழ் வந்ததும் கட்டைத் தூக்கிக்கொண்டு அவளே நெல்லியடிக்கு பஸ் ஏறினாள். கடையில் லக்ஷன் இருந்தான். முதலாளியின் மகன். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு அவன் தமிழை வாசிப்பது கைபேசியில்தான்; அங்கே டவர் டவர்தான். ஆனாலும் வீடியோ விளையாட்டுப் பைத்தியம். கோபுரத்துப் பக்கத்தை விரித்ததும் அவன் கண் அதிலேயே நின்றது. நின்றபடியே முழுவதும் வாசித்தான். ஆரணிக்கு உயிர் வந்தது. இதழ் பிழைத்துவிடும் என்றே நினைத்தாள்.

அவன் புத்தகத்தை மூடினான். "அக்கா, உது யூரியூப்பிலை வந்ததெல்லோ?"

"நான் எழுதினது தம்பி. இதிலையிருந்துதான் அவங்கள் எடுத்தவங்கள்."

லக்ஷன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"சும்மா போங்கோ அக்கா. அந்தக் குரல் டவரை ரவர் எண்டு பிழையாச் சொன்னது. அந்தப் பிழையைக்கூடத் திருத்தாமல் அப்பிடியே பாத்து எழுதி வைச்சிருக்கிறியள்."

கட்டை அவள் பக்கமாகத் தள்ளிவிட்டு, அடுத்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டான்.