சுவரில் மாட்டிய துப்பாக்கி

பெண் கேட்டு வந்தவர்கள் மிளகாய்ச் சாற்றில் வெந்த பன்றிக் கறியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கியபோதே, சம்பந்தம் முடிந்த மாதிரிதான் என்று எடுவிஹெஸ் நினைத்தாள். மகள் நெரெய்தாவின் முகத்திலும் அதே நிம்மதி. அந்த நேரம் பார்த்து எடுவிஹெஸின் கணவர் ஹெலியோதோரோ மாப்பிள்ளையின் தகப்பனிடம் சுவரைக் காட்டினார்.

"அந்தத் துப்பாக்கியப் பாத்தீங்களா சம்பந்தி? எங்க தாத்தாவோடது. மலையில இருந்த அப்பாச்சிப் பழங்குடிகளச் சுட்டுத் தள்ளினதுக்குத்தான் இந்தப் பண்ணையே கெடச்சுது. இல்லேன்னா இந்தச் சிவாவா மாநிலம் பூரா இன்னிக்கும் அவனுங்க கொட்டம்தான்!"

"போதும், அவங்கள சாப்பிட விடுங்க," என்றாள் எடுவிஹெஸ். வருகிற விருந்தாளிக்கெல்லாம் இதே கதைதான். கேட்டு அவளும் சிரித்திருக்கிறாள்.

மாப்பிள்ளையின் தாய் லெயோகாதியா ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"எங்க அப்பாவப் பெத்தவ அந்த அப்பாச்சி ஜனந்தாங்க. சின்னப் புள்ளையா மலையில பிடிச்சுட்டு வந்து, ஒரு வீட்டுல வேலைக்கு விட்டாங்களாம். யாரு கேட்டாலும் வேற ஜனம்னு சொல்லுன்னு எங்கள வளத்தாங்க. பொண்ணு கேக்க வந்த எடத்துல மறைக்கக் கூடாதில்ல?"

"நான் சும்மா விளையாட்டுக்கு..." என்று ஹெலியோதோரோ இழுத்தார். நெரெய்தா தலை நிமிரவில்லை.

எடுவிஹெஸ் நாற்காலியில் ஏறித் துப்பாக்கியைக் கழற்றினாள். மாட்டியிருந்த இடம் துப்பாக்கி வடிவத்திலேயே வெளுத்துத் தெரிந்தது.

"எம் பொண்ண வேணாம்னு சொல்லிடாதீங்க," என்றாள்.

"அவமேல எங்களுக்கு என்ன கோவம்? அவ எங்க வீட்டுப் பொண்ணு," என்றாள் லெயோகாதியா, சுவரைப் பார்த்தபடி. "கல்யாண விருந்த மட்டும் எங்க வீட்டுல வச்சுக்கலாம்."

கையில் இருந்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல் எடுவிஹெஸ் நாற்காலி மேலேயே நின்றாள்.